பழைய ஃபோகஸுக்குப் பிரிவுபசார விழா

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சத்தியமாகச் சொல்கிறேன். எழுதுவது இடது கையால் என்பதால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கலாம்; விஷயத்தில் கோணல் கிடையாது.

கண் தெரியாதவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைச் செய்வதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. அந்த மென்பொருளுக்கு வாரியம் வைத்த முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருக்கும் காப்பி ஆறிவிடும். அதனால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் 'வாயாடி' என்றே சொல்லிக்கொண்டார்கள். வாரியத்தில் அதிகாரிகள் நிறைய. அவர்களைக் கண்காணிக்கிறவர்கள் அதைவிட நிறைய. கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்து, நாற்காலி வசதியாக இருக்கவே அப்படியே தங்கிவிட்டவர்களும் உண்டு. வாயாடியை உட்கார்ந்து எழுதுகிறவர் மட்டும் ஒரே ஒருவர். அவரைக் கணினிக்காரர் என்று கூப்பிட்டார்கள். மின்விசிறி நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வாயாடியின் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. டேப் விசையைத் தட்டினால் திரையில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஃபோகஸ் தாவும். கண் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு நீலக்கோடு தெரியும். தெரியாதவர்களுக்கு வாயாடி அதன் பெயரைச் சொல்ல வேண்டும். 'பெயர்', 'வயது', 'சேமி'. அவ்வளவுதான்.

ஆனால் ஃபோகஸ் ஒரு தடவை நகர்ந்தால் கணினியிலிருந்து வருவது ஒரு செய்தி அல்ல. புது சன்னல் ஒன்று திறந்தால், "ஃபோகஸ் என்கிட்ட வந்துடுச்சு" என்று முதலில் சன்னல் சொல்லும். சன்னலுக்குள் இருக்கும் பலகை, "இல்லை, என்கிட்ட" என்னும். பலகைக்குள் இருக்கும் பட்டியலும் தன் பங்குக்குக் குரல் கொடுக்கும். கடைசியில்தான் ஃபோகஸ் நிஜமாகவே போய் உட்கார்ந்த பெட்டி வாயைத் திறக்கும். வீட்டில் அழைப்புமணி அடித்தால் எல்லா அறையிலிருந்தும் "யாரு?" என்று கேட்பார்கள், கதவைத் திறக்கிறவர் ஒருவர்தானே, அந்த மாதிரி. ஆகவே கணினிக்காரர் ஆரம்பத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: புதிய செய்தி வந்துவிட்டால், காத்திருக்கும் பழைய செய்திகளைப் புறக்கணி.

வினை அந்த ஒரு வரியில் இருந்தது.

வாரியத்தின் விதிமுறைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அம்மாள். எல்லாருக்கும் அவர் விதிமுறை அம்மா. மென்பொருளையும் தாளில் அச்சடித்து, நூலால் தைத்து, தன் மேசைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. ஒருநாள் மதியம் தூக்கம் வராமல் போனதால் அதைப் புரட்டியிருக்கிறார். 'புறக்கணி' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு ஆளை வரச்சொன்னார்.

"இது யார் எழுதினது?"

"நான்தாம்மா."

"யாரைப் புறக்கணிக்கிறீங்க?"

"யாரையும் இல்லம்மா. பழைய ஃபோகஸ் செய்தி..."

"பழசு முதல்ல வந்துதா, புதுசு முதல்ல வந்துதா?"

"பழசுதான் முதல்ல வந்துது. அதனாலதான் அது பழசு."

"அப்ப முதல்ல வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சிட்டு, பின்னாடி வந்தவங்களுக்குக் கதவத் திறக்கறீங்க. இது வாரியம்ப்பா, பஸ் இல்ல."

விஷயம் இயக்குநர் வரைக்கும் போனது. இயக்குநருக்கு 'முகவுரை' என்று பெயர். எதைப் பற்றிப் பேசினாலும் முகவுரையில் தொடங்கி முகவுரையிலேயே முடித்துவிடுவார். அவசரக் கூட்டம் கூட்டி எழுந்து நின்றார்.

"புறக்கணிக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கப்பட்ட வாரியம் இது. இங்கே ஒரு செய்திகூடப் புறக்கணிக்கப்படாது. இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த நாள் முதல் ஒருவரைக்கூடப் புறக்கணித்ததில்லை. வெளியே வராந்தாவில் காத்திருக்கிறவர்களே அதற்குச் சாட்சி. நான் வந்த அன்றைக்குக் காத்திருந்த அதே ஆட்கள், இன்றைக்கும் நம்பிக்கையோடு காத்திருக்கிறார்கள்."

கைதட்டல் அடங்கியதும் அந்த வரி நீக்கப்பட்டது. இனி வந்த வரிசைப்படிதான் எல்லாச் செய்தியும் வாசிக்கப்படும். புதுப் பதிப்பு அன்றே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வாரியத்திலிருந்து வேகமாகப் போகக்கூடியது பிழை ஒன்றுதான்.

கணினிக்காரர் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். அக்கா பக்கத்தில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசியை எடுத்து, கூப்பிடுகிறவருக்கு என்ன உபாதை என்று கேட்டு, எந்த டாக்டர், எத்தனை மணி என்று கணினியில் பதிந்து சொல்கிற வேலை.

"டேய், ஷூவைக் கழட்டாம உக்காந்திருக்கியா?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

"கழட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே. இன்னும் மூச்சு விட முடியுது."

அவர் கழற்றவில்லை. களைப்பு அந்த அளவுக்கு இருந்தது.

"உன் வாயாடிக்கு என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா. "முந்தாநாள் சங்கதிய இன்னைக்குச் சொல்றா. நான் நாலு பெட்டி தாண்டிப் போயிட்டேன், அவ இன்னும் சன்னல், பலகைன்னு படிச்சிட்டிருக்கா. நேத்து ஒரு பெரியவர் போன் பண்ணினாரு, நெஞ்சு படபடங்குதுன்னு. 'இருதயப் பிரிவு'ன்னு சொன்னா, எண்டர் தட்டினேன். பாத்தா ஃபோகஸ் பிரசவ வார்டுல நிக்குது."

"ஐயையோ."

"அந்த மனுஷன் சண்டை போடற ஜாதி இல்ல போலிருக்கு. போய் உக்காந்துட்டாரு. நர்ஸ் குனிஞ்சு எழுதிக்கிட்டே 'எத்தனை மாசம்'னு கேட்டிருக்கா. ரிட்டயர் ஆனதத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சு 'ஒம்பது'ன்னிருக்காரு. ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு ஓடி வந்துட்டாங்க."

கணினிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நிர்வாகி கூப்பிட்டு அனுப்பினாரு," என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை என் முதுகுக்குப் பின்னாடி நின்னு பார்ப்பாராம். அன்னைக்கும் தப்பாச்சுன்னா துணி மடிக்கிற ரூமுக்குப் போயிடணுமாம். 'துணி மடிக்கிறதுல என்னம்மா குறைச்சல்'ங்கறாரு. குறைச்சல் ஒண்ணுமில்லதான். ஆனா நான் போனை எடுத்து 'சொல்லுங்க'ன்னா, அந்தப் பக்கம் ஒருத்தருக்குப் பாதி வலி போயிடும்டா. போர்வைகிட்ட 'சொல்லுங்க'ன்னா அது என்ன சொல்லும்?"

"ஒரு வரிக்கா. ஒரே ஒரு வரியத் திரும்பப் போட்டா சரியாயிடும்."

"அப்ப போடேன்."

அவர் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை போய் விதிமுறை அம்மா எதிரில் நின்றார். அம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. ஃபோகஸ் ஒரு பெட்டிய விட்டு இன்னொரு பெட்டிக்குப் போகுது. சரி. போன பெட்டி பொறுப்ப ஒப்படைச்சுதா?"

"புரியலம்மா."

"நான் இந்தப் பிரிவுக்கு வந்தப்ப எனக்கு முன்னாடி இருந்தவர் ஸ்டேப்ளர்லேருந்து குப்பைக்கூடை வரைக்கும் எண்ணி ஒப்படைச்சிட்டுத்தான் எழுந்தாரு. இங்க ஒரு பெட்டி பாட்டுக்கு எழுந்து போகுது, இன்னொண்ணு பாட்டுக்கு வந்து உக்காருது. குழப்பம் வராம என்ன செய்யும்?"

மறுநாள் வெளியான பதிப்பில் குழப்பத்துக்கு இடமே இல்லை. அக்கா ஒருமுறை டேப் தட்டினால் வாயாடி இப்படிச் சொன்னது: "'பெயர்' என்னும் பெட்டி இதனால் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறது. 'வயது' என்னும் பெட்டி இதனால் பொறுப்பேற்கிறது. இடைப்பட்ட நேரத்துக்கு 'சேமி' என்னும் பொத்தான் கூடுதல் பொறுப்பு வகித்தது." தொலைபேசியின் மறுமுனையில் பல்வலியோடு காத்திருந்த ஒருவர், வாயாடி பேசி முடிப்பதற்குள் பல் தானாகவே விழுந்துவிட்டதாகச் சொல்லி நன்றி தெரிவித்துவிட்டு வைத்துவிட்டார்.

கணினிக்காரர் மறுபடியும் ஓடினார். இந்தத் தடவை இயக்குநரையே பிடித்தார். அவசரத்தில், சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட்டார்: சில சமயம் யாரும் எந்த விசையையும் தட்டாமலேயே ஒரு அறிவிப்புச் சன்னல் நடுவில் குதித்து ஃபோகஸைப் பிடுங்கிக்கொள்ளும் என்று.

முகவுரை நாற்காலியில் நிமிர்ந்தார். "யாரும் கூப்பிடாமலா?"

"ஆமா சார்."

"யாருடைய உத்தரவும் இல்லாமலா?"

"ஆமா சார், அது அப்படித்தான். நாமதான்..."

"என் வாரியத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு காரியம் நடந்தது என்றால் அது இதுதான் முதல்முறை. உத்தரவு போட்டும் நடக்காமல் போனவை ஏராளம், அது வேறு. விளக்கம் கேளுங்கள்."

"யார்கிட்ட சார்?"

"அந்தச் சன்னலிடம்தான்."

அப்படியே செய்யப்பட்டது. அத்துமீறிக் குதிக்கும் எந்தச் சன்னலிடமும், 'உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று வாயாடி விளக்கம் கேட்கும். பதில் வரும்வரை வேறு எதையும் வாசிக்காது. சன்னல் பதில் சொல்லவில்லை. அதற்கு அந்தப் பழக்கம் இல்லை. அன்று மருத்துவமனையில் அக்காவின் கணினி காலையில் ஒரு சன்னலைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு, சாயங்காலம் வரை மௌனமாக அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மௌனம் சம்மதமா அவமதிப்பா என்று முடிவு செய்ய வாரியத்தில் ஒரு துணைக்குழு போட்டார்கள்.

"வேற நல்ல வேலை எதுவும் தெரியாதா உங்க ஆளுங்களுக்கு?" என்று அக்கா அன்றைக்குக் கேட்டாள். கோபமில்லை, குரல் தேய்ந்திருந்தது. "நான் இப்பவே போர்வை மடிச்சுப் பழகிக்கறேன்டா. ஓரம் ஓரமாச் சேருதான்னு நீ பார்த்துச் சொல்லு."

அவர் பார்த்தார். ஓரம் ஓரமாகச் சேர்ந்திருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் வாரியத்தில் பிரிவுபசார விழா. அலமாரிச் சாவிகளை வைத்திருந்தவர் ஓய்வு பெற்றார். எந்தச் சாவி எந்த அலமாரிக்கு என்று அவருக்கும் தெரியாது. அதனால் அலமாரிகள் பூட்டியே இருந்தன, எதுவும் காணாமல் போகவில்லை, நல்ல பெயர் எடுத்துவிட்டார். கணினிக்காரர் கடைசி வரிசையில் ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மேடையில் முகவுரை பேசினார். விதிமுறை அம்மா பேசினார். சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். சாவிக்காரர் கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். பொறுப்பு ஒப்படைப்பு கிடையாது, விளக்கம் கிடையாது. சாவிக்கொத்து அவர் பையிலேயே கிலுகிலுத்துக்கொண்டு போனது. ஒருவரும் தடுக்கவில்லை.

கணினிக்காரரின் கொட்டாவி பாதியில் நின்றது.

விழா முடிந்து எழுந்த இயக்குநரை வழியிலேயே மறித்தார்.

"சார், பழைய ஃபோகஸ் செய்திகளைப் புறக்கணிக்க வேண்டாம் சார். அது தப்புதான். ஆனா பாவம், வந்து எவ்வளவு நேரம் ஆச்சு, எவ்வளவு உழைச்சிருக்கு. அதுங்களுக்கு மரியாதையா ஓய்வு குடுத்துட்டா என்ன?"

முகவுரை நின்றார். "ஓய்வா?"

"பிரிவுபசாரத்தோட சார். ஒவ்வொரு செய்திக்கும். புதுச் செய்தி வந்ததும் பழசுக்கு ஒரு பாராட்டுரை."

"பாராட்டுரையை யார் பேசுவது?"

"நீங்கதான் சார். ஒருதடவை பதிவு பண்ணிட்டா போதும். கண் தெரியாதவங்க எங்கெங்க டேப் தட்டறாங்களோ, அங்கெல்லாம் நீங்க பேசுவீங்க."

இயக்குநர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நான் விளம்பரத்தை விரும்பாதவன்," என்று ஆரம்பித்தபடியே மைக்கை நோக்கி நடந்தார். அன்று பதிவான பேச்சின் தொடக்கம் இது:

"இந்தச் செய்தியை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும். அது என்ன சொல்ல வந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் ஏற்படாத அளவுக்கு அது அடக்கமாக நடந்துகொண்டது. இந்த வாரியத்தில் உயர்வதற்கு வேண்டிய முதல் தகுதி அதுதான். அதை நான் என் வாழ்க்கையிலிருந்தே அறிவேன்..."

நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, பிறகும் பேசினார்.

விதிமுறை அம்மா மட்டும் விடவில்லை. "பேச்சு ஓடாம விட்டீங்கன்னா, அது புறக்கணிப்புதான். ஞாபகம் இருக்கட்டும்."

"ஓடும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து விடாம முழுசா ஓடும்."

"புதுச் செய்தி?"

"அது பாட்டுக்கு முன் ஹால்ல நடக்கும்மா. விழா பின் ஹால்ல."

அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு ஹால் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கையெழுத்துப் போட்டார். பேச்சின் ஒலி அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை. கணினிக்காரர் அதைப் பூஜ்யத்தில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அக்காவிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னார். மருத்துவமனை வரைக்கும் கூடவே போய், அவள் அறைக் கதவோரம் நின்றுகொண்டார். நிர்வாகி சொன்னபடியே அவள் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். தொலைபேசி அடித்தது.

"சொல்லுங்க," என்றாள் அக்கா.

யாரோ ஒரு தாய். பிள்ளைக்கு விடாத காய்ச்சல். அக்கா பேசிக்கொண்டே டேப்பைத் தட்டினாள். "பெயர்," என்றது வாயாடி. "வயது." "பிரிவு." "குழந்தைகள்." ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே சொல், விரல் நின்ற இடத்தின் சொல். எண்டர். "பத்தரைக்கு வந்துடுங்கம்மா. முதல் மாடி. தண்ணி நிறையக் குடுங்க," என்று சொல்லி வைத்தாள். நிர்வாகி குனிந்து திரையைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் வாசலில் முகவுரை வந்து நின்றார். தன் பேச்சைக் களத்திலேயே கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். பேச்சு கேட்கவில்லை என்று தெரிந்தால், சாயங்காலத்துக்குள் பழைய கதை. போர்வை அறைதான்.

இயக்குநர் ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனார். அக்கா டேப் தட்டினாள். "வயது," என்றது வாயாடி. இன்னொரு தட்டு. "பிரிவு."

"என் உரை எங்கே?" என்றார்.

அக்கா முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"சார், நீங்களா அது! ஓடிட்டேதான் சார் இருக்கு. இப்பக்கூட."

"எனக்குக் கேட்கவில்லையே அம்மா."

"உங்களுக்கு எப்படி சார் கேக்கும்? கண்ணு இல்லாதவங்களுக்குக் காது கொஞ்சம் கூர்மைன்னு எல்லாரும் சொல்வாங்களே."

முகவுரை அந்தக் கூற்றை எத்தனையோ மேடையில் சொன்னவர். மறுக்க வழியில்லை. "முழுவதும் கேட்கிறதா?"

"ஒண்ணு விடாம சார். நடுவுல ஒரு இடத்துல நிறுத்தறீங்க பாருங்க, அங்க எனக்குத் தொண்டைய அடைச்சிடுச்சு."

"அங்கே நான் தண்ணீர் குடித்தேன்," என்றார் இயக்குநர். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தான் மட்டும் ஒன்றும் கேட்காத ஆளாக நிற்பதா என்று நிர்வாகிக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எனக்கும் லேசாக் கேட்டுது சார். ரொம்ப ஆழமான பேச்சு," என்றார். பிறகு அக்காவின் நாற்காலிச் சாய்மானத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்து, "இந்த அம்மா இங்கதான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டு இயக்குநரைத் தேநீருக்கு அழைத்துப் போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கணினிக்காரர் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்டா, இப்ப அந்தப் பேச்செல்லாம் நெஜமாவே உள்ள ஓடுதா?"

"ஓடுதுக்கா. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விழா. ஒரே நேரத்துல நூறு விழாகூட நடக்கும்."

"கைதட்டறதுக்கு யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல."

"அடப் பாவமே," என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு ரெண்டு தட்டு தட்டிட்டு நான் வேணா கொஞ்சம் கைதட்டிடறேன்," என்றாள். அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

இதையெல்லாம் நேரில் போய் விசாரித்துப் பார்க்க நினைக்கிறவர்களின் வசதிக்காக ஒரு தகவலை மட்டும் சேர்த்துவிடுகிறேன்: கணினிக்காரருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.